இரண்டு கண்ணாடிக் குழாய்களுக்கு முனியாண்டி பூஜை

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அம்மா இன்னும் அங்கே தொழிலாளர் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். மோட்டாரோ லோரியோ வாங்கினால் முதல் ஓட்டம் முனியாண்டி கோயிலுக்குத்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் எந்த வண்டியும் அங்கிருந்து தூரம் போனதில்லை. இதை மறந்துவிட்டு, விண்வெளிக்குப் போகவேண்டிய குழாயை அம்மாவிடம் காட்டும் ஆசையில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனது என் முட்டாள்தனம்.

விரல் நீளக் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய் அது. உள்ளே சாம்பல் நிறக் கலவை. விண்வெளி நிலையத்து உலையில் அதை உருக்கி, மெல்ல ஆறவிட்டால் படிகமாக வளரும். பூமியில் உருகிய குழம்பு, சூடானது மேலேறுவதும் ஆறியது கீழிறங்குவதுமாகக் கலங்கிக்கொண்டே இருக்கும். எடை தெரியாத இடத்தில் அந்தக் கலக்கம் அடங்கிவிடும், படிகம் சீராக வரும். என் ஆறு வருட உழைப்பு. குழாயை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலின் உப்பு பட்டாலே உலைச் சூட்டில் கண்ணாடி வெளுத்து விரிசல் விடும்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் குழாய் இருந்த பெட்டியும் இல்லை, அம்மாவும் இல்லை. ஈரத்தலையோடு கோயிலுக்கு ஓடினேன். முனியாண்டி காலடியில் வெற்றிலை மேல், மூன்று பட்டை விபூதியும் குங்குமப் பொட்டுமாகக் குழாய் படுத்திருந்தது. பூசாரி எலுமிச்சம்பழத்தோடு திகைத்து நின்றார்.

“அக்கா, இதுக்கு டயரே இல்லியே. பழத்த எங்க வைக்கிறது?”

“தலைய சுத்திப் போடுங்க லா, போதும்,” என்றார் அம்மா.

“இதுல தலை எது அக்கா?”

நான் அலறிவிட்டேன். அம்மா அசையவில்லை. “அவ்ளோ தூரம் போவுது. தொணை இல்லாம அனுப்புவியா?”

கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை எங்கள் குழுத் தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்து ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. விபூதி, குங்குமம், சுருட்டுப் புகை என்று படிவத்தில் வரிசையாக எழுதவைத்தார். குழாயை அமிலத்தில் கழுவி, உருப்பெருக்கியில் பார்த்து, அனுப்பலாம் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“ஆனால் ஒப்பிடுவதற்காகப் பூமியிலேயே உருக்கப்போகும் இன்னொரு குழாய்க்கு இதெல்லாம் நடக்கவில்லையே. இரண்டுக்கும் புவியீர்ப்பைத் தவிர வேறு வித்தியாசம் இருக்கக்கூடாது. அதையும் கோயிலுக்குக் கொண்டுபோ. அதே பூஜை, அதே கால அளவு. இல்லையென்றால் பயணம் ரத்து.”

அடுத்த சனிக்கிழமை கடிகாரமும் படிவமுமாக முனியாண்டி முன்னால் நின்றேன். கோயில் கேமராப் பதிவைப் பார்த்து, எத்தனை பட்டை, எந்த விரல், சூடம் எத்தனை சுற்று என்று குறித்து வைத்திருந்தேன். சுருட்டு அதே வகைதானா என்று கேட்டபோது பூசாரிக்கு வியர்த்துவிட்டது.

“சாமியே இவ்ளோ கேட்டதில்ல பாப்பா. ஆமா, எங்கயும் போவாததுக்கு எதுக்கு பூச?”

“போற புள்ளைங்களுக்கே போட்டுப் பழகிட்டோம்,” என்றார் அம்மா. “இருக்கறதுக்கும் ஒருநா போடுவோமே.”

நாங்கள் மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் இங்கேதான் பூஜை போட்டு வெளியூர் அனுப்பினார். அம்மாவுக்காக நாங்கள் யாரும் ஒரு சூடம்கூட ஏற்றியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பதிவின்படி அம்மா கண்மூடிக் கும்பிட வேண்டியது நான்கு நிமிடம். நான்கு முடிந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. தோளைத் தொட்டு நிறுத்தவேண்டும். பயணமே அதில்தான் இருந்தது. கை எழவில்லை. ஏழாவது நிமிடத்தில்தான் கண்ணைத் திறந்தார்.

நான்கு என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ‘இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகள்’ என்ற இடத்தில், புவியீர்ப்புக்குக் கீழே, ‘அம்மா, மூன்று நிமிடம்’ என்று எழுதினேன். குழுத் தலைவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.