காட்டேரி பார்க்க வந்தவர்கள்

வள்ளித்தாய்க்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். வடகரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆடு வளர்த்துப் பிழைக்கிற அந்த மனுஷி, இந்தக் குற்றாலச் சீசன் முழுக்கச் சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் நின்றாள்.

ஆனி மாதம் ஒரு விடியலில் அவளுடைய நாலு ஆடுகள் கொட்டிலில் செத்துக் கிடந்தன. கழுத்தில் மட்டும் பல் பட்டிருந்தது. ஒரு வாய் கறி குறையவில்லை. மலையிலிருந்து காட்டேரி இறங்கி ரத்தம் குடிக்கிறது என்று ஊர் சொன்னது. எவனோ அதைப் படம் பிடித்துச் செல்போனில் ஏற்றிவிட்டான், அவ்வளவுதான்! அருவியில் குளித்த ஈரத்தலையோடு சனம் வந்து இறங்கியது. ஆட்டோக்கார நல்லதம்பிக்குச் சொல்லவா வேண்டும்?

"காட்டேரிய எங்கன பாக்கலாம்னு கேக்காங்க, சொல்லுங்க மதினி" என்பான். அவள் மலையைக் கைகாட்டுவாள்.

ஆனால் அந்த விடியலில் அவள் முதலில் பார்த்தது தன் நாய் செவலையின் வாயை. பல்லிடுக்கில் ஆட்டுமயிர். யாரும் வருமுன் வாய்க்காலுக்கு இழுத்துப்போய்க் கழுவிவிட்டாள். புருஷன் போனபிறகு அந்த வீட்டில் அவள் குரல் கேட்டு ஓடிவர வேறு யார் இருக்கிறார்கள்? ஆடு குட்டி போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியை நாய் வாயில் படாமல் ஆழப் புதைப்பார்கள். போன வருஷம் அடைமழையில் மண்வெட்டி எடுக்கச் சோம்பி, பசியில் கத்திய செவலைக்கு அதைத் தூக்கிப் போட்டது அவள்தான். ருசி காட்டிவிட்டோமே என்று நெஞ்சுக்குள் வெந்தாள். வெளியே சொல்லவில்லை. செவலையைச் சங்கிலியில் கட்டிவைத்தாள்.

ஆவணியில் சங்கிலி அறுந்தது. பக்கத்துத் தோப்பு ஹஸீபாவின் சினையாடு ரெண்டும் போயின.

காலையில் ஹஸீபா அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். நல்லதம்பி கூட்டிவந்த நாலு பேரும் வாசலில் நின்றார்கள்.

"விடியப்போற நேரம் கண்ணசந்துட்டேன் யக்கா. இனி ஒரு குட்டிதான் மிச்சம். செவலைய ரெண்டு நாள் தாங்க, காவலுக்குக் கட்டிக்கிடுதேன்."

செவலை அவள் கையை நக்கியது. வள்ளித்தாய்க்குத் தலைப்பு நழுவியதுகூடத் தெரியவில்லை.

"ஏட்டி, கொண்டு போவாத. காட்டேரி இதுதான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

வந்தவர்களில் ஒருவன் செல்போனைத் தூக்கினான். நல்லதம்பி அவன் கையைப் பிடித்து இறக்கினான். வள்ளித்தாய் கொட்டிலில் மிஞ்சியிருந்த சினையாட்டை அவிழ்த்து, கயிற்றை நீட்டினாள். ஹஸீபா வாங்கவில்லை.

"ஆடு போனாப் போவுது. ரெண்டு மாசமா ஒங்க ஆட்டுக்கும் சேத்துல்லா நான் ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தேன், யக்கா."