கண்ணாடிப் பாடம்

முதல் அறிகுறியை ஞாயிறு பள்ளியில்தான் பார்த்தேன். கொல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சபையில் முப்பது வருடம் சிறுபிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவன் நான். கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்ற பாடம் வரும்போதெல்லாம் ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுபோவேன். ஒவ்வொரு பிள்ளையும் அதில் முகம் பார்த்து, "இது தேவசாயல்" என்று சொல்ல வேண்டும். நானே கண்டுபிடித்த உத்தி. அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று காலையில் தின்ற ஜால்முரியின் (மசாலாப் பொரி) காரம் இடது கன்னத்துக்குள் எரிந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் போனபின் அதே கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பல்லுக்குக் கீழே வெள்ளையாக ஒரு புண்.

கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க ஜர்தா (புகையிலைத் தூள்) போட்ட பான் மென்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெல்ல மாட்டேன். ஆண்டவரை ஏமாற்றிவிட்டதாக நினைப்பு. பயாப்ஸி (சதைத் துணுக்கை வெட்டியெடுத்துச் சோதிப்பது) முடிவு புற்றுநோய் என்று வந்தபோது என் மனைவி கிரேஸ் அழவில்லை, திட்டினாள். "எத்தன வாட்டி சொன்னேன், கேட்டீங்களா?" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள்.

இதே அறுவைக்குக் காத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். அதனால் மறைக்காமல் சொல்கிறேன். இடது தாடையெலும்பில் பாதியை எடுத்தார்கள். அந்த இடத்தில் ஃபிபுலா ஃப்ளாப் (கால் எலும்பில் ஒரு துண்டைத் தோலோடும் ரத்தக்குழாயோடும் எடுத்துப் பொருத்துவது) வைத்தார்கள். கதிர்வீச்சு தேவைப்படவில்லை. ஒரு மாதம் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எழுந்து நிற்க விட்டதும் கட்டுப்போட்ட காலோடு வார்டை அளந்தேன். படு என்று சொன்ன நர்ஸ்களோடு சைகையிலேயே சண்டை போட்டேன்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. மூன்றாம் மாதம் வாய்க்குள் முடி முளைத்தது. நாக்கு போகிற பக்கமெல்லாம் குத்தியது. பதறிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"அது காலின் தோல், தாதா (அண்ணா). வாய்க்கு வந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது. முடி வளர்கிறதென்றால் ஒட்டிய தோல் உயிரோடு இருக்கிறது, சந்தோஷப்படுங்கள்" என்றார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மண்ணை எடுத்து மனிதனை உருவாக்கியவர் வாயை வாயாகவும் காலைக் காலாகவும்தானே செய்தார்? சனிக்கிழமைதோறும் கிரேஸ் டார்ச் அடித்து, சின்னக் கத்தரியால் அந்த முடிகளை வெட்டிவிடுவாள். நானே வெட்டிக்கொள்ளலாம், ஆனால் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமே. குளியலறைக் கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டு மூடியது நான்தான். வெளியே போனால் முகக்கவசம். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

நவம்பர் வந்தது. ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதாக வருடாவருடம் சான்று தர வேண்டும். இப்போது வீட்டிலிருந்தபடியே கைபேசியில் முகத்தைக் காட்டினால் போதுமாம். வங்கிக்குப் போய் நாலு பேர் முன்னால் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம் என்று எனக்கு நிம்மதி. கிரேஸ் கைபேசியைப் பிடித்தாள். திரையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் கன்னம் குழிந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட யாரோ ஒரு கிழவர். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைப் பார்த்தேன்.

கண்ணை இமைக்கச் சொன்னது, இமைத்தேன். ஆதார் படத்தோடு முகம் பொருந்தவில்லை என்றது. விளக்கடியில், ஜன்னலோரத்தில், மாடிப்படியில் என்று ஆறு தடவை.

"லைட்டு பத்தல போல" என்றாள் கிரேஸ்.

"லைட்டு இருக்கு. நான்தான் பத்தல."

அன்று முழுக்க அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தேன். வேண்டாத ஒரு ஞாபகம் கூடவே நடந்தது. பல வருடங்களுக்கு முன் வகுப்பில் உதடு பிளந்து பிறந்த ஒரு சிறுமி இருந்தாள். கண்ணாடி அவளிடம் போனபோது, அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் விடவில்லை. நிமிர்த்திப் பிடிக்கவைத்து, இன்னொரு முறை சத்தமாகச் சொல்லவைத்தேன். சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், பாவி.

"நாளைக்கு பேங்க்குக்குப் போவோம். நான் கூட வாரேன்" என்றாள் கிரேஸ்.

வங்கியில் சான்று கொடுக்கும் அம்மாள் எனக்குப் பழக்கம். கயிற்றில் கட்டிய பேனா எழுதவில்லை என்று ஒவ்வொரு நவம்பரும் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அவர் பாஸ்புத்தகத்துப் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ரொம்ப மெலிஞ்சுட்டீங்க, தாதா" என்று வங்காள மொழியில் சொன்னார். தன் கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். "இது எழுதும். சண்டைக்கு வராதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். கீழே அவர் எழுதினார்: இவரை இன்று நேரில் பார்த்தேன், உயிரோடு இருக்கிறார்.

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அந்த வரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். படைப்பின் முதல் அதிகாரத்தில் எந்த மனிதனும் தன் முகத்தைப் பார்க்கவில்லை. படைத்தவர் பார்த்தார், நல்லது என்று கண்டார். முப்பது வருடம் அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கையில் கண்ணாடியைக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சிறுமியை நான் அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

சனிக்கிழமை குளியலறைக் கண்ணாடியிலிருந்து துண்டை எடுத்தேன். டார்ச்சை நானே பிடித்துக்கொண்டேன். கிரேஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "மேல ஒண்ண விட்டுட்டீங்க" என்றாள். தேடிப்பிடித்து வெட்டினேன். வங்கிச் சான்று ஒரு வருடத்துக்குச் செல்லும்; இந்த முடி தரும் சான்று சனிக்குச் சனிதான். நாக்கை ஓட்டிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. அடுத்த சனிக்குள் மறுபடி குத்தும். குத்தட்டும்.