மஹ்மூத் நானா கத்தியை மூடினால்

மஹ்மூத் நானாவின் பழைய வில்லுக்கத்தியை என்னால் ஒரு தடவைகூடத் திறக்க முடிந்ததில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் இறங்கி வந்தவன் நான். கட்டுகஸ்தோட்டையில் முதுகில் மூட்டை சுமந்தேன், லொறியில் கிளீனராக ஏறினேன், டிரைவரானேன். இன்றைக்கு என் பேரில் மூன்று லொறி ஓடுகிறது, ஒரு கடையும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. மிளகு மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கி லொறிக்குள் போட்ட கை இது. அந்தக் கைக்கு, மடக்கினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் ஒரு கத்தி அசையவில்லை. என் நகத்தைத்தான் பிய்த்தது.

“காளிமுத்து முதலாளி, மூட்டை தூக்குற கைக்கு இது தொறக்காது,” என்று நானா சிரிப்பார். “இதுக்குப் பொறுமை வேணும். அல்லாஹ் ஒங்களுக்கு எல்லாத்தையும் தந்துட்டு அத மட்டும் மறந்துட்டான்.”

“பொறுமையா இருந்திருந்தா நான் இன்னமும் தோட்டத்துல கொழுந்துச் சாக்கு மடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன் நானா.”

“சரி சரி, கத்திய வைங்க. போய் லொறியப் பாருங்க.”

கட்டுகஸ்தோட்டையில் நானாவின் கடை என் கடைக்கு அடுத்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தராசு, ஒரு மரக்குற்றி, இரண்டு கதிரை, பின்னால் சாக்கு அடுக்க ஓர் அறை. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து சாதிக்காய், கராம்பு, கொக்கோ, மிளகு எல்லாம் அங்கே வரும். நானா சாக்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். சாதிக்காய் என்றால் ஓட்டை உடைத்து, பருப்பைக் குற்றியில் வைத்து, கத்தியை மேலே வைத்து உள்ளங்கையால் அமத்துவார். இரண்டாகப் பிளந்து கிடக்கும். பூச்சி அரித்ததா, ஈரம் இருக்கிறதா, எண்ணெய் பிடித்ததா எல்லாம் வெட்டில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் விலை பேசுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கத்தி திறந்திருக்கும்வரை விலை பேசலாம். வாங்குகிறவர் குறைத்துக் கேட்பார், விற்கிறவர் சாக்கைக் கட்டப் போவதுபோலக் குனிவார், இவர் கூப்பிடுவார், அவர் சிரிப்பார். கத்தியை மூடிவிட்டால் பேச்சு முடிந்தது. கடைசியாக எந்த விலை வாயிலிருந்து வந்ததோ அதுதான் விலை. அதற்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை, சாக்கு தராசில் ஏறும்.

மற்றக் கடைக்காரர்கள் சில நேரம் மூடிய கத்தியைத் திரும்பத் திறப்பார்கள். “சும்மா துடைக்கத்தான் மூடினேன்” என்பார்கள். நானா திறந்ததே இல்லை. ஒரு முறை கொக்கோவுக்கு நல்ல விலை சொல்லி மூடினார். சாக்கு தராசில் ஏறுவதற்குள் கொழும்பிலிருந்து போன் வந்தது, விலை விழுந்துவிட்டதாம். விற்க வந்த மனிதனே, “நானா, குறைச்சுப் போடுங்க, பரவாயில்ல” என்றான். “மூடுனது மூடுனதுதான்,” என்று அதே விலைக்கு நிறுத்து வாங்கினார். அந்தப் பேச்சு மாத்தளை வரைக்கும் போனது. நான் உழைப்பால் பேர் எடுத்தவன். நானா அந்த ஒரு வார்த்தையால் பேர் எடுத்தார். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அந்தப் பழைய கத்திக்கும் அதில் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன். அதன் வில் அவ்வளவு கடினம். திறக்கும்போது நானா உதட்டைக் கடித்து, இரண்டு நகத்தையும் கொடுத்து, மெதுவாக இழுப்பார். மூடும்போது கத்தி முதுகைத் தொடையில் ஊன்றி அமத்துவார். டக்கென்று சத்தம் என் கடைக்குள் கேட்கும். தவறுதலாக மூடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூட வேண்டும் என்று நினைத்து, காலை நகர்த்தி, பலத்தைக் கொடுத்து மூட வேண்டும். அந்த நேரத்துக்குள் மனம் மாறினாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

வயது போகப் போக நானாவின் பெருவிரல் மூட்டுகள் வீங்கின. உள்ளங்கையால் அமத்தி வெட்ட முடிந்தது, ஆனால் திறக்க முடியவில்லை. கொஞ்சக் காலம் அவருடைய மனைவி றம்லத் காலையிலேயே கத்தியைத் திறந்து தராசுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். மூடுவதற்கு நானா இரண்டு கையாலும் போராடுவார். விற்க வந்த ஒரு பொடியன், “நானா, மூடித் தரவா?” என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை.

அந்த வருசம் மகன் ஸாகி கட்டாரிலிருந்து லீவில் வந்தான். வாப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது ஒரு புதுக் கத்தி கொண்டுவந்தான். கறுப்புப் பிடி, அதில் ஒரு சின்னப் பொத்தான். பெருவிரல் பட்டால் போதும், அலகு வெளியே நிற்கும். பொத்தானைத் தொட்டுக் கையை லேசாக உதறினால் உள்ளே போய்விடும். சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை, நாக்கைச் சப்புக் கொட்டியதுபோல. நான் முதல் தடவையிலேயே திறந்தேன், சின்னப் பிள்ளையும் திறக்கும்.

நானாவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கத்தி கையில் இருக்கும். திறப்பார், மூடுவார், திறப்பார், மூடுவார்.

“இந்த மனிசன் தஸ்பீஹ் மணி உருட்டுற வயசுல கத்திய உருட்டிட்டு ஈக்குது,” என்று றம்லத் என்னிடம் முறையிட்டார்.

“விடுங்க தாத்தா, புதுசுதானே,” என்றேன். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா. ஆனால் நானாவிடமும் சொன்னேன். எனக்கு மனதில் வைத்துக்கொண்டு வெளியில் வேறு பேசத் தெரியாது. “நானா, விலை பேசுற நேரத்துல அதோட விளையாடாதீங்க. எப்ப மூடிருவீங்களோன்னு ஆளுங்க பயப்படுறாங்க.”

“எனத்த பயம்? விலை பேசுற நேரம் நான் விளையாடுவேனா முதலாளி?”

இனி கபிரியேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவலப்பிட்டிக்காரர், ரயிலில் கார்டாக இருந்து பென்சன் வாங்கியவர். பாலத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒரு துண்டு காணி வாங்கி, மனைவி மேபலோடு இருக்கிறார். காணியில் பாதி சாதிக்காய் மரம். காயைப் பாயில் பரப்பி, மழை வாடை பட்டால் உள்ளே எடுத்து, வெயில் வந்தால் வெளியே போட்டு, ஆட்டினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலக்கும்வரை காய வைத்துத்தான் கொண்டுவருவார். வேறு ஆட்கள் வீட்டுக்கே வந்து கூட விலை கொடுக்கிறோம் என்றாலும் கொடுக்கமாட்டார். “மஹ்மூத் நானா இருக்கும்போது வேற ஆளு எதுக்கு?” என்பார். நத்தார் பண்டிகைக்கு நானா வீட்டுக்குக் கேக் வரும். பெருநாளைக்கு அங்கே வட்டிலப்பம் போகும். விலை பேசுகிற நேரத்தில் இரண்டு பேரும் சண்டைக்காரர்கள்போலத்தான் இருப்பார்கள். நான் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பேன், அவ்வளவு ருசி அந்தப் பேச்சு.

அன்று நல்ல மழை. கபிரியேல் மூன்று சாக்கோடு த்ரீவீலரில் வந்து இறங்கினார். கடைக்குள் வேறு நாலைந்து பேர் சரக்கோடு மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். நானும் பிளேன்டீயோடு நின்றேன். நானா காயை வெட்டிப் பார்த்தார். உள்ளே பளிங்குபோல இருந்தது. பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், அது வழக்கம்.

“என்ன கார்ட் ஐயா, இந்த மொற மரத்துக்குச் சுகமில்லையா?”

“மரத்துக்குச் சுகந்தான் நானா. ஒங்க கண்ணுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானா ஒரு விலை சொன்னார். முதல் விலை, கேட்டவுடன் சிரிக்க வேண்டிய விலை. எப்போதும் அப்படித்தான் தொடங்குவார். கபிரியேல் சிரித்துக்கொண்டே சாக்கின் வாயைக் கட்டக் குனிந்தார். அதுவும் வழக்கம்.

அப்போது நானாவின் விரல் பொத்தானைத் தொட்டுக் கை லேசாக உதறியது. வேறொன்றுமில்லை, இத்தனை நாள் விளையாடிப் பழகிய பழக்கம். சப்பென்று அலகு உள்ளே போய்விட்டது.

  கபிரியேல் குனிந்தபடியே கத்தியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நானாவைப் பார்த்தார். நானா தன் கையைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நானா, கை வழுக்கிருச்சு. நான் பார்த்தேன். திரும்பத் தொறங்க.”

நின்றவர்களில் ஒருவன், “ஆமா, ஆளப் பார்த்துத்தான் கை வழுக்கும்,” என்று மெதுவாகச் சொன்னான். அது நானாவின் காதில் விழுந்தது.

“மூடுனது மூடுனதுதான்,” என்றார் நானா. 

கபிரியேல் சாக்கைத் தானே தூக்கித் தராசில் வைத்தார். கொடுத்ததை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டார். “மேபல் றம்லத் தாத்தாவ விசாரிச்சதாச் சொல்லுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

நானா நினைத்தது என்னவென்றால், அடுத்த அறுவடைக்கு வரும்போது அள்ளிக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று. என்னிடம் அப்படித்தான் சொன்னார். “முன்னுக்கு ஆளுங்க நின்டாங்க முதலாளி. அவங்களுக்கு முன்னுக்குத் தொறந்தா, இத்தன வருசம் நான் காப்பாத்துனது எல்லாம் போயிடும். கார்ட் ஐயா வெளங்குவாரு.”

அடுத்த அறுவடைக்குக் கபிரியேல் வரவில்லை. நத்தாருக்குக் கேக் வந்தது. நானா வட்டிலப்பத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லாம் சரியாகவே நடந்தது, சாதிக்காய் மட்டும் வரவில்லை. ஒரு நாள் கண்டி பஸ்ஸில் இரண்டு பேரும் சந்தித்தார்களாம். கபிரியேல் எழும்பி இடம் கொடுத்தாராம். ஸாகியைப் பற்றிக் கேட்டாராம், கால் வலிக்கு நல்ல எண்ணெய் சொன்னாராம். “ஏசியிருந்தாலும் நல்லம் முதலாளி,” என்றார் நானா. “ஒரு ஸ்டாப்புக்கு முன்னுக்கே எறங்கி நடந்து வந்தேன்.”

அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எத்தனையோ பேரின் காணித் தகராறைப் பேசித் தீர்த்தவன் நான், இது ஒரு காரியமா என்று கபிரியேல் வீட்டுக்குப் போனேன். மேபல் தேத்தண்ணி வைக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். “ஐயா, அது கை தவறினது. நான் பக்கத்துல நின்னேன். அவரு வேணும்னு மூடல.”

கபிரியேல் பாயில் கிடந்த காயைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் காளிமுத்து.”

“தெரிஞ்சுமா வரமாட்டேங்கிறீங்க? வெலையிலயா மனசு விட்டுப் போச்சு?”

“வெலையில என்ன இருக்கு. கூடிக் கொறஞ்சுதான் போகும். கத்தி மூடின ஒடனே அவர் என் மொகத்தப் பார்த்திருந்தா, ‘இருக்கட்டும் நானா, மூடினாப்லயே இருக்கட்டும்’னு நானே சொல்லியிருப்பேன். அவர் என்னயப் பார்க்கல. அங்க நின்னவங்களப் பார்த்தார்.”

மேபல் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன். 

திரும்பி வந்து நானாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. விலைக்காகத்தான் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டே இருந்திருந்தால் ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.  கேட்டுவிட்டு, “உண்மதான்,” என்றார். “அப்பிடித்தான் பார்த்தேன்.”

மறுநாள் தனியாகக் கபிரியேல் வீட்டுக்குப் போனார். கூட வாரேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். பின்னேரம் வந்தவரைப் பிடித்துக் கேட்டேன்.

“மாப்புக் கேட்டேன். ‘அதெல்லாம் விடுங்க நானா’ன்டு கையப் புடிச்சிட்டாரு. சாப்பிட்டுத்தான் போகணும்ன்டாங்க, சாப்பிட்டேன். பாலம் மட்டும் கூட வந்து பஸ் ஏத்திவிட்டாரு.”

“பெறகென்ன! காய் இங்கதானே வரும்?”

“கேக்கல்ல.”

“ஏன் நானா?”

“கேட்டாத் தருவாரு. அதாலதான் கேக்கல்ல.”

போன அறுவடையின்போது நானும் அவரும் கடை வாசலில் நின்றோம். த்ரீவீலர் ஒன்று சாக்கோடு வந்து, எங்களுக்கு எதிரே லொறிகளுக்கு வழிவிட்டு நின்றது. பின்னால் கபிரியேல் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டு கையை உயர்த்தி, “மழைக்கு முந்தி மாத்தளைக் கடைக்குப் போயிடணும் நானா,” என்றார். “ஓ, போங்க, போங்க, மழ வருது,” என்றார் நானா. வண்டி குலுங்கிப் புறப்பட்டபோது சாக்குக்குள் காய் கலகலத்தது.

“நல்லாக் காய வெச்சீக்காரு,” என்று நானா என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். தராசடியில் ஒருவன் மிளகோடு காத்து நின்றான்.