சோமனூர்ப் பக்கம், ஒரு வாய்க்காலின் திசையைத் தேடி

ஐப்பசி மழைக்கு எல்லோரும் வீட்டுக்குள் ஒதுங்கும்போது, குட்டை பார்க்க ஊருக்குக் கிளம்புகிறவர்கள் உண்டா என்று கேட்காதீர்கள். நாங்கள் கிளம்பினோம். போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, நானும் சுகந்தியும்.

கோவை கணபதியில், லேத் பட்டறைக்கு மேலே உள்ள ஒரு மாடியில் எங்கள் சின்னக் குழு வேலை செய்கிறது. குளத்திலும் வாய்க்காலிலும் தண்ணீர் எப்படிப் போகும் என்று கணினியில் கணக்கிடுவது என் வேலை. அதற்குக் கணக்கு மாதிரிகள் பல உண்டு. எந்த இடத்துக்கு எது பொருந்தும், எதில் ஏமாந்துபோவோம், ஒரு தகவலுக்கு என்ன ஆதாரம் என்பதையெல்லாம் கோத்து ஓர் அறிவுத்தளம் கட்டுவது காரமடைக்காரியான சுகந்தியின் வேலை. நாளை புதிதாக ஒருவர் வந்து ஓர் ஊரின் நிலவரத்தைக் கொடுத்தால், "இந்த மாதிரியை எடு, அதைத் தொடாதே" என்று அது வழிகாட்ட வேண்டும்.

சிக்கல், சோமனூருக்குத் தெற்கே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கிராமங்களில். மேற்கே ஒரு குட்டை, கிழக்கே ஒரு குட்டை, நடுவே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வாய்க்கால். தண்ணீரைத் தேக்க இரண்டு ஊர் விவசாயிகளும் சேர்ந்து ஒரே ஒரு மதகு ஷட்டர் போடுவதாக முடிவு. எந்த முனையில் போடுவது என்று எங்களைக் கேட்டிருந்தார்கள். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, அதனால் மேற்கு முனையில் போடலாம் என்று என் கணக்கு சொன்னது. சுகந்தி அதை அறிவுத்தளத்தில் ஏற்ற மறுத்துவிட்டாள்.

"திசைக்கு ஆதாரம் என்னங்க அக்கா?"

"செயற்கைக்கோள் உயர வரைபடம்."

"அதுல மீட்டர் கணக்குல முன்னப்பின்ன இருக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க? இந்த வாய்க்காலோட சரிவே அத்தனை இருக்காதுங்களே."

எனக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை ஊர்க் கூட்டத்தில் என் பதிலை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டோம்.

காந்திபுரத்தில் காலை 7.20க்குப் பேருந்து. சாதாரண நகரப் பேருந்து என்பதால் எங்கள் இருவருக்கும் கட்டணம் இல்லை. (ஆண் வாசகர்கள் சில்லறை எடுத்துக்கொள்ளவும்.) சோமனூர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"கல்யாணத்துக்குங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க, குட்டை பாக்க."

கண்ணாடியில் எங்களை ஒரு தடவை பார்த்தார். "குட்டைல தண்ணி இருக்குதுங்க. பாத்துப்போட்டு வெரசா வந்துருங்க, மழை வரும்" என்றார், உடம்புக்கு முடியாதவர்களிடம் பேசுகிற கனிவோடு.

மேற்குக் குட்டைக் கரையில் அந்த ஊர் விவசாயி ராமசாமி காத்திருந்தார். பக்கத்தில் மொபெட்டில் சாய்ந்தபடி கிழக்கு ஊர் சின்னச்சாமி. இவர் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சண்டைகூட மரியாதையாகவே நடந்தது.

"எங்க தண்ணி பூராவும் வாய்க்கால்ல உங்களுக்குத்தானுங்க சம்பந்தி வருது. அதுக்குத்தான் இங்க ஷட்டர் கேக்கறனுங்க" என்றார் ராமசாமி.

"அட, நீங்க வேறைங்க சம்பந்தி. எங்க தண்ணிதானுங்க இங்க வருது. ஷட்டர் எங்க பக்கம் போடோணுமுங்க."

இரண்டு பேரும் தங்கள் தண்ணீர் அடுத்தவருக்குப் போகிறது என்று சத்தியம் செய்கிறார்கள். யாரோ ஒருவருக்கு நினைவு பிசகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் கணக்கு ராமசாமி பக்கம் என்பதால் கொஞ்சம் தெம்பாகவே இருந்தேன்.

தெம்பு விஜயாவைப் பார்க்கும்வரைதான். மேற்குக் குட்டையை ஒட்டிய பள்ளமான சந்தில், வாடகைக் கொட்டகையில் ஆறு விசைத்தறி ஓட்டுகிறவர் அவர். போன வருஷ மழையில் குட்டைத் தண்ணீர் கொட்டகைக்குள் ஏறி, மோட்டார்களும் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலும் வீணாகிவிட்டன. கதவு நிலையில் தண்ணீர் நின்ற கறை முழங்கால் உயரத்துக்கு இருந்தது.

"எந்தப் பக்கத்துத் தண்ணீங்க?" என்றேன்.

"அது தெரியாதுங்க அம்மணி. உள்ள வந்துபோட்டுதுங்க, அவ்வளவுதான் தெரியும். அப்ப வாய்க்கால் பூராவும் முள்ளு அடைச்சுக் கெடந்துச்சு, இப்பவும் ஓரமெல்லாம் கெடக்குதுங்க. ஷட்டர் போட்டா இனி வராதுங்களா?"

வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மேற்குக் குட்டை நிறையும்போது மிச்சம் வெளியேற இந்த வாய்க்காலை விட்டால் வழியே இல்லை. அதன் வாயில் ஷட்டர் போட்டு மூடினால், தண்ணீர் முதலில் ஏறும் இடம் இந்தக் கொட்டகைதான். நான் சொன்னது சரி என்றால், இவருக்கு ஆபத்து. மதியம் ராமசாமி வீட்டில் நெய் மிதக்க அரிசிம்பருப்புச் சோறு போட்டார்கள். கோவைக்கு வந்த நாளாக நான் விரும்பிச் சாப்பிடும் சோறு அது. அன்றைக்குத்தான் முதல் முறையாக இரண்டாவது தடவை வேண்டாம் என்றேன்.

மூன்று மணிவாக்கில் மேற்கே கருத்து, கொட்ட ஆரம்பித்தது. குடையோடு எல்லோரும் வாய்க்கால் நடுவே உள்ள சிறு பாலத்துக்கு ஓடினோம், விஜயாவும்கூட. சுகந்தி ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் எறிந்தாள். அது ஆடி அசைந்து கிழக்கே போனது.

"பாத்தீங்களா சம்பந்தி!" ராமசாமி குடையை வானத்துக்குத் தூக்கிப் பிடித்ததில் முழுக்க நனைந்தார். சின்னச்சாமி மட்டை போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் செல்பேசியில் படம் எடுத்து, "ஆதாரம் கிடைத்தது" என்று சுகந்தியிடம் காட்டினேன்.

"சித்த இருங்க அக்கா. மழை நகருது பாருங்க" என்றாள்.

மழை இங்கே ஓய்ந்து கிழக்கே போய்ப் பெய்தது. விஜயா தூக்குப் போசியில் டீ கொண்டுவந்தார். நாங்கள் குடித்து முடிக்கும்போது வாய்க்கால் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. ஓட்டமே இல்லை, கண்ணாடி மாதிரி. கிழக்குக் குட்டைக்கு வரும் ஓடை இரைவது மட்டும் தூரத்தில் கேட்டது. அப்புறம் ஒரு காய்ந்த இலை பாலத்தடியில் மெல்லத் திரும்பியது. மேற்கே நகர்ந்தது. அதன் பின்னாலேயே நாங்கள் எறிந்த மட்டை, எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவர் போலத் திரும்பி வந்தது.

முதலில் சிரித்தவர் சின்னச்சாமி. "ஏனுங் சம்பந்தி, இத்தனை வருஷமா ரெண்டு பேரும் உண்மையத்தான் பேசிப்போட்டு இருந்திருக்கறோம்!"

ராமசாமிக்கும் அடக்க முடியவில்லை. கரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எந்தக் குட்டை முதலில் நிறைகிறதோ அது அடுத்ததற்குக் கொடுக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் குட்டை நிறையும்போது வாய்க்காலைப் பார்த்திருக்கிறார்கள், காலியாக இருக்கும்போது யார் வந்து பார்ப்பார்கள்?

சுகந்தி சிரிக்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு வாய்க்காலுக்கு ஒரே திசைதான்னு நானே விதி எழுதிப்போட்டேனுங்க அக்கா. அமைப்பையே மாத்தோணும்." ஆனால் திரும்பும் பேருந்தில் மடிக்கணினியைத் திறந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பண்டிகைக்குக் கடைக்குப் போகிற மாதிரி இருந்தது. 'திசை' என்ற இடத்துக்குப் பக்கத்தில் 'எப்போது' என்று ஓர் இடம் பிறந்தது. சரிவு மிகக் குறைவாக இருந்தால் ஒருவழி மாதிரியை எடுக்காதே, நீர்மட்டத்தைப் பார்த்து இருபுறமும் கணக்கிடும் மாதிரியை எடு என்று ஒரு வழிகாட்டுதலும் சேர்ந்தது. அதற்குச் சான்றாக என் தவறான கணக்கும் அங்கேயே இருக்கிறது. அழிக்கச் சொல்லிக் கேட்டேன், மறுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் புதுக் கணக்கைக் காட்டினோம். எந்த முனையில் மூடினாலும் அந்தக் கணக்கில் ஏதோ ஒரு மழையில் விஜயாவின் சந்தில் தண்ணீர் ஏறியது. ஷட்டர் வேண்டாம், அந்தப் பணத்தில் முள்ளை எடுத்து வாய்க்காலைத் தூர்வாரலாம் என்று எழுந்து சொன்னவர் ராமசாமி. அடுத்த வாரமே பொக்லைன் இறங்கியது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். செருப்பு களிமண்ணில் மாட்டும், பிடிப்புள்ள காலணி நல்லது. கடைசிப் பேருந்தைச் சோமனூரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பற்றி இரண்டு பேர் நேர்மாறாகச் சொன்னால் உடனே ஒருவரைப் பொய்யராக்கிவிடாதீர்கள். எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள், முடிந்தால் மழை முடியும்வரை இருங்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் விடாத மழை. மனது கேட்காமல் விஜயாவைக் கூப்பிட்டேன். அவர் பேசியது ஒன்றும் எனக்குப் புரியவில்லை, பின்னால் அத்தனை இரைச்சல். "கேக்கலைங்க!" என்று கத்தினேன்.

"ஆறு தறியும் ஓடுதுங்க அம்மணி! அப்புறம் கூப்பிடறேன்!" என்று அவரும் கத்திவிட்டு வைத்துவிட்டார்.