நிலம் முழுக்கப் பாக்கு

அன்றைக்கு அந்தமான் திக்லிபூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், போர்ட் பிளேரிலிருந்து பாக்கு வாங்கக் கப்பலில் வந்திருந்த கடைக்கார பாய்.

மச்சான் பேச்சைக் கேட்டு நிலம் முழுக்கப் பாக்குதான் வைத்திருந்தோம். நெல் போடாததால் அரிசியெல்லாம் கடையில் கடன். பாய் சரக்கை வேண்டாமென்றால் அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று எனக்குத் தூக்கமே இல்லை.

பாய் ஒரு பாக்கை வெட்டிப் பார்த்தார். “அச்சா மால், நல்ல சரக்கு. எல்லாம் ஒரே தரம். மொத்தமா எடுத்துக்கிறேன்.”

“பாத்தீங்களா மாப்பிள்ளை? நாலு பயிர் வச்சிருந்தா நாலு வியாபாரி பின்னாடி அலையணும்,” என்றார் மச்சான்.

“அடுத்த வருஷம் மரத்துல நோய் விழுந்தா?” என்றேன்.

“அதுக்கு அடுத்த வருஷம் கவலைப்படுங்க!”

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். “சோறும் ரசமும்தான். மூட்டை மூட்டையா இருக்கிற பாக்கைக் குழம்பு வைக்க முடியலையே, அண்ணே!”

பாய்க்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. “கொல்லையில கொஞ்சம் சேனையும் வாழையும் வைங்கம்மா. அடுத்த தடவை குழம்புக்கே வர்றேன்.”

சாயங்காலம் மச்சானே மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனார். நான் பாய் கொடுத்த பணத்தோடு அரிசிக்கடைக்கு ஓடினேன். அத்தனை பணத்தையும் கட்டிய பிறகும், கடையில் கொடுக்க வேண்டியது இன்னும் பதினேழு ரூபாய்.