எனக்கு மட்டும் ஒழுகிய டிரை சூட்

1. முழங்கையில் ஊர்ந்தது

தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் டைவராகச் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. ஒரு சரக்குக் கப்பலின் அடியில் இருந்தேன். இடது முழங்கையில் ஏதோ ஜில்லென்று ஊர்ந்தது. பாம்பு என்று முடிவு செய்தேன். ரப்பர் சூட்டுக்குள் பாம்பு எப்படி வரும் என்று யோசிக்கிற அளவுக்கு மூளை மிச்சமில்லை. இடுப்பில் கட்டி மேலே ஒருவன் பிடித்திருக்கும் லைஃப்லைன் கயிற்றை நாலு தடவை இழுத்தால் 'உடனே தூக்கு' என்று அர்த்தம். நான் ஒரு இருபது தடவை இழுத்தேன்.

மேலே வந்து ஏணியில் நின்றபோதுதான் தெரிந்தது, பாம்பு இல்லை, தண்ணீர். அது சூட்டுக்குள் இறங்கி, இரண்டு காலும் யானைக்கால் மாதிரி தொங்கின.

டிரை சூட் என்பது கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே ரப்பர் உறை. கழுத்திலும் மணிக்கட்டிலும் கஃப் என்கிற மெல்லிய ரப்பர்ப் பட்டை தோலைக் கவ்வும்; உடம்பு நனையாது. குளிர் தேசத்துக்காரர்களுக்குச் செய்தது. நம்மூர் வெயிலில் அதை மாட்டுவது இட்லிக் கொப்பரைக்குள் உட்காருவதற்குச் சமம். ஆனாலும் கப்பலடியில் எண்ணெய்ப் படலம், தொட்டால் தடிக்கும் சொறிமீன். அதனால் மாட்டித்தான் ஆகவேண்டும். துறைமுகம் கட்ட வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன சூட் ஒன்றே ஒன்று இருந்தது.

அந்தக் கப்பலின் ப்ரொபெல்லரில் நைலான் கயிறு சுற்றி இறுகிக் கிடந்தது. அறுத்தால்தான் கப்பல் நகரும். சூப்பர்வைசர் பொன்னையா சார் என் காலில் தொங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கயித்த அறுக்கே. இல்லன்னா கொச்சியிலேர்ந்து ஆள வரவழைப்பேன். ஒனக்கு கேட்ல பாஸ் கிழிக்கிற வேலதான். வெளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. எங்கள் ஊர் தாமிரபரணிக் கரை. நெல்லும் பெருமாள் கோயிலும் தவிர வேறு பேச்சு கிடையாது. அங்கே போய், கடலுக்கடியில் எனக்கு உத்தியோகம் என்று பிரசாதம் கொடுப்பதுபோல வீடு வீடாகச் சொல்லியிருந்தேன்.

2. சோடா பாட்டில் வைத்தியம்

என் லைஃப்லைனைப் பிடிப்பவன் கஸ்பார். என் வயதுதான். சீசனில் வெறும் உடம்போடு சங்கு குளிப்பவன். மற்ற நாளில் துறைமுகத்தில் கூலி. சூட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏலே வரதா, இது கடல் தண்ணிதானா, இல்ல ஒந் தண்ணியா?"

"கடல் தண்ணிதாம்ல. வேணும்னா நக்கிப் பாரு, உப்பு கரிக்கும்."

"ரெண்டும் உப்புதாம்ல. நான் எதுக்கு நக்கணும்?"

இரண்டு மணிக்கட்டிலும் சோடா பாட்டிலைச் சொருகினோம். கழுத்தில் ஒரு தூக்குச்சட்டி. முதுகில் மாட்டும் காற்று டேங்க்கிலிருந்து காற்றடித்து, சோப்புத் தண்ணீரைத் தடவி, நுரைக்குக் காத்திருந்தோம். எங்கேயும் நுரை வரவில்லை. ஓட்டையே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பஞ்சர் கடைச் சொல்யூஷன் வாங்கிவந்து, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் பேட்ச் போட்டேன். மொத்தம் ஏழு.

"ஓட்ட இல்லாத எடத்துல ஒட்டுதியே, சூட்டுக்கு அம்ம போட்ட மாதிரில்லா இருக்கு" என்றான் கஸ்பார்.

டேங்க் மாட்டிக் கப்பலடியில் வேலை பார்க்கும் சான்றிதழ் அவனிடம் இல்லை. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவதற்கு எவன் சான்றிதழ் வேண்டும்? சூட்டை மாட்டி, ஈயக்கட்டி கட்டி, கப்பல் அணையும் மேடையான வார்ஃப் ஓரத்தில் பத்து முங்கு முங்கினான். ஏறி வந்து சூட்டைக் கழற்றி, இடுப்பில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தான். உடனே பற்றியது.

அதே இடத்தில் நான் இறங்கினேன். ஐந்தே நிமிடம். முழங்கை வரை ஈரம்.

"சூட்டு ஒழுகலடே. நீதான் ஒழுகுத."

3. ஏச்சும் நுரையும்

மறுநாள் காலை, ஆளை உள்ளே வைத்தே பார்த்துவிடுவோம் என்று நான் சூட்டோடு வார்ஃபில் நின்றேன். கஸ்பார் மார்பு வால்வில் காற்றைத் திறந்தான். உப்பினேன்.

"எண்ணெயில போட்டா பூரின்னு எடுத்துத் தின்னுருவானுவ" என்றபடி சோப்புத் தண்ணீர் தடவினான். கழுத்தில் நுரை இல்லை. மணிக்கட்டிலும் இல்லை.

அப்போது பொன்னையா சார் வந்தார்.

"என்னல, இன்னும் இங்கனயே நிக்கே? மாப்பிள்ள அழைப்புக்கா நிக்கே? கப்பக்காரன் என் தலையில ஏறி உக்காந்திருக்கான், நீ காத்தடிச்சிட்டு நிக்கியா?"

இரண்டு மணிக்கட்டிலும் புசுபுசுவென்று நுரை பொங்கியது.

"சார்! சார்!" என்று கஸ்பார் கத்தினான். சார் திடுக்கிட்டு நிறுத்தினார். நுரையும் நின்றது.

"சார், இன்னொரு தடவ ஏசுங்க."

"என்னது?"

"இவன ஏசுங்க சார். நேத்து ஏசுனீயள்ளா, அத விட நல்லா."

இத்தனை வருட உத்தியோகத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டு வாங்கியதில்லை போலும். கொஞ்சம் கூச்சப்பட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட் பாஸில் ஆரம்பித்தார். என் தாத்தா வரைக்கும் போனார். நுரை கொப்பளித்தது. கஸ்பார் என் கையைத் தூக்கிப் பார்த்தான். இறுக்கி மூடிய முஷ்டி.

"கைய விரி."

நுரை நின்றது.

"மூடு."

நுரை வந்தது.

முஷ்டியை இறுக்கும்போது மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. நடுவே ஒரு வாய்க்கால். கஃப்புக்கு அடியில் அதன் வழியாகத்தான் காற்றுக்கும் தண்ணீருக்கும் போக்குவரத்து.

"கீழ போனதும் லைஃப்லைன் கயித்த நீ எப்படிப் புடிக்க தெரியுமா?" என்றான் கஸ்பார். "மேல எங் கைக்கு அப்படியே தெரியுதுல. திருச்செந்தூர் பஸ்ஸுல படியில தொங்குதவன் கம்பியப் புடிக்க மாதிரி."

"அப்ப பயப்படாம இருல. முடிஞ்சுதுல்லா?" என்றார் சார்.

அது மட்டும் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறொன்று தோன்றியது. புடைத்த நரம்பு மேலே போகப் போகச் சதைக்குள் மறைந்துவிடுகிறது. கஃப்பை மணிக்கட்டிலிருந்து நாலு விரல்கடை மேலே ஏற்றினேன். அதன்மேல் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினோம். முஷ்டியை இறுக்கிக்கொண்டு, "ஏசுங்க சார்" என்றேன். சார் கையிருப்பு முழுவதையும் தீர்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை.

இறங்கினேன். கத்தியும் ரம்பமுமாகக் கயிற்றை அறுத்தேன். பயம் குறைந்ததா என்றால், ஒரு பொட்டுக்கூட இல்லை. ப்ரொபெல்லர் என்னைக் கண்டதும் சுற்ற ஆரம்பிக்கும் என்றே கடைசிவரை நம்பினேன். கத்தியைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போனது. ஆனால் முழங்கை காய்ந்தே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு முன்பே கடைசித் துண்டும் வந்துவிட்டது. கொச்சிக்காரருக்குத் தந்தி போகவில்லை. 'நான் ஏசினதுலதான் லீக்கே கெடச்சுது' என்று சார் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். அதில் பொய்யும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: சோடா பாட்டிலுக்குப் பயம் கிடையாது, அதைச் சொருகிப் பார்த்துவிட்டு சூட் நன்றாயிருக்கிறது என்று எழுதாதீர்கள். ஆளை உள்ளே வைத்துப் பாருங்கள். அதுவும் தண்ணீருக்குள் எப்படி நடுங்குவானோ அப்படி நடுங்க வைத்துப் பாருங்கள். பின்னாளில் சூட்டுகளின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பராமரிப்பு ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் என் கையால் எழுதி வைத்தேன்: 'ஆளை உள்ளே விட்டுக் காற்று நிரப்பவும். சோப்புத் தண்ணீர் தடவவும். ஐந்து நிமிடம் ஏசவும்.' அந்த ஐந்து நிமிட வேலையை மட்டும் நான் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.