உடையப்பன் மாட்டிய புகைக்குழாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில், ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலாயாவில் பேராக் தோட்டங்களில் துரைமார் பலர் வேலை போய்க் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன கார்களைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் வாங்க ஆளில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்த உடையப்பன், இருபது வயது மாணவன், ஒழுங்கான செருப்புகூட இல்லாதவன், ஒரு கறுப்பு ஃபோர்டு காருக்குச் சொந்தக்காரன் ஆனான்.

காசு கொடுத்து வாங்கினான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஆ சோங் என்ற சீனர் ஒரு பட்டறை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் தவ்கே, அதாவது முதலாளி. பினாங்குக் கம்பெனிகளுக்கு அவர் எழுத வேண்டிய ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் ஒரு வருஷமாக எழுதிக் கொடுத்தவன் உடையப்பன். கூலி கேட்டபோது தவ்கே தலையைச் சொறிந்தார், பிறகு பட்டறைக் கோடியில் கோழி அடைந்துகிடந்த காரைக் காட்டினார். "யாரோட கார் தவ்கே?" என்று மலாயில் கேட்டான். "ஏதோ எஸ்டேட் துரை. ஊருக்குப் போயிட்டான்" என்றார் அவர். அதற்கு மேல் இவனும் கேட்கவில்லை. ஓசியில் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன் எங்கே இருக்கிறான்?

கார் எதற்கு என்றால், அம்மாவுக்கு. நல்லம்மாள் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். பாதித் தோட்டத்தை மூடிவிட்டார்கள். வேலையில்லாதவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பட்டியல் எழுதினார், அதில் நல்லம்மாள் பெயரும் இருந்தது. மாசக் கடைசிக்குள் சொந்தக்காரர் யாராவது வந்து பொறுப்பேற்றுக் கூட்டிக்கொண்டு போனால் பெயரை அடித்துவிடுவார்கள். இல்லையென்றால் கப்பல்தான். அந்தக் கரையில் அவளுக்கு என்ன இருந்தது? ஓர் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. அதையும் அவள் சின்ன வயதில் விட்டு வந்தவள்.

மாட்டுவண்டியில் கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவன் சிநேகிதன் பெர்னார்டும் அதைத்தான் கேட்டான். உடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. துரை கார் போக வேண்டுமென்று இருபது வருஷம் சாலையோரக் கால்வாயில் இறங்கி நின்றவள் அம்மா. ஒரு நாளாவது அவள் காருக்குள் உட்கார்ந்து போக வேண்டும். இதில் பிடிவாதம் இருந்தது, வீம்பும் இருந்தது. அதைவிட அதிகமாக அவளை நினைத்தால் வருகிற ஒரு நோவு இருந்தது.

அப்பாவைப் பற்றி அவன் யாரிடமும் பேச மாட்டான். அப்பா பத்துமலை செத்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது, ஈப்போவில் பாதிரியார் பள்ளிக்கூடத்து விடுதியில் இருந்தான். கிராணியிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது: உன் தகப்பன் கள் மயக்கத்தில் மேட்டு வளைவில் விழுந்து இறந்துபோனான், அடக்கம் ஆகிவிட்டது. உடையப்பன் போனபோது அம்மா அழுதுகூட முடித்திருந்தாள். என்னம்மா நடந்தது என்று கேட்டான். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஏழு வருஷமாக அந்தப் பேச்சை எடுத்தாலே அப்படித்தான், எழுந்து போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் அப்பா காய்ச்சலில் போனதாகச் சொல்லி வைத்திருந்தான். கள்ளில் போனார் என்று சொல்ல வெட்கம்.

மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனான். காரின் புகைக்குழாய் துருவேறி நடுவிலே இற்றுப்போயிருந்தது. சைலன்ஸர் என்ற பெயரில் ஓட்டை டப்பா ஒன்று தொங்கியது. எஞ்சின் போட்ட சத்தத்துக்குச் சாலையோரத்து எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. தோட்டத்துக்குள் ஒரு மேடு உண்டு. அதன் உச்சியிலிருந்து லயத்து வாசல் வரை ஒரே இறக்கம், நடுவில் ஒரு வளைவு. இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவது காசில்லாதவன் ஓட்டுகிற முறை. பெட்ரோலும் அரிசி மாதிரிதான், மிச்சம் பிடித்தால் உண்டு. உச்சியில் அணைத்தான். கார் சத்தமில்லாமல் இறங்கியது.

கீழே வந்தவன் காரை நிறுத்திவிட்டுப் பார்த்தான். லயத்து ஜனம் மொத்தமும் வாசலில் வரிசையாக நின்றது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்திருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டும் கிடையாது, வேலையும் கிடையாது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் இறங்கி "நான்தான், உடையப்பன்!" என்று கத்திய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

அம்மா அந்த வரிசையில் இல்லை. பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவில், காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாம்மா, போலாம். கார் கொண்டாந்திருக்கேன்" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "அதுல நான் ஏற மாட்டேன் சாமி. நான் கப்பல்லயே போறேன்" என்றாள். எவ்வளவு கெஞ்சியும் வேறு பதில் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா அவனோடு கார் வரைக்கும் வந்தாள். "தப்பா எடுத்துக்காத தம்பி. பழைய துரையோட கார் சத்தம் அப்படியே இருந்துச்சு. எங்களுக்கு உசிரே இல்ல. கறுப்புக் கார் எல்லாம் ஒரே மூஞ்சிதான், இருந்தாலும் அந்தச் சத்தம்..." என்று முடிக்காமல் நிறுத்தினாள். ரோத்தான் பிரம்போடு வந்த அந்தத் துரையை உடையப்பனும் பார்த்திருக்கிறான். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகியும் இவர்கள் காதில் அவர் கார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தான். சத்தம்தானே? சத்தத்தை மாற்றிவிட்டால் போகிறது. படித்த பிள்ளை, பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டான்.

அடுத்த மூன்று வாரம் ஒரே வேளைச் சாப்பாடு. பரீட்சைக்கென்று பெர்னார்டின் அக்கா ஆலிஸ் தைத்துக் கொடுத்த கோட்டு ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் போனது. அதற்கு மாற்றாகக் கிடைத்ததைக் கொண்டு, பினாங்கிலிருந்து வந்து விலைபோகாமல் கிடந்த ஒரு புதுச் சைலன்ஸரை ஆ சோங்கிடமிருந்து பேசி வாங்கினான். அது ஃபோர்டு காருக்குச் செய்தது இல்லை, ஒரு சாண் நீளம் கூடுதல். குழாய்க்குக் காம்பாரில் மூடிப்போன ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து நீராவிக் குழாய்த் துண்டு கிடைத்தது. பெர்னார்டு அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவன் தோள் கன்றிப் போயிருந்தது.

சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தான் உடையப்பன். எஞ்சினையும் குழாயையும் சேர்க்கிற பித்தளை மரை அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினான். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது, துரு கண்ணில் விழுந்தது. புதுக்குழாயை மாட்டினால் ஒரு பக்கம் இடித்தது, மறுபக்கம் எட்டவில்லை. பட்டறை நெருப்பில் காய்ச்சி வளைத்தார்கள். தொங்கவிடக் கொக்கி இல்லை, பீப்பாய்க்கு அடிக்கிற இரும்புப் பட்டையை வெட்டிச் சுற்றினார்கள். மூட்டு வழியாகப் புகை கசிந்த இடத்தில் கல்நார்க் கயிறு சுற்றிக் களிமண் பூசினார்கள்.

"மச்சான், காரு பாக்குறதுக்கு கேவலமா இருக்குலா" என்றான் பெர்னார்டு.

"பாக்குறதுக்கா மாட்டுறோம்? ஸ்டார்ட் பண்ணுடா."

பெர்னார்டு முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினான். கார் கிளம்பியது, ஆனால் கிளம்பியதாகவே தெரியவில்லை. தையல் மிஷின் அளவுக்குத்தான் சத்தம். ஆ சோங் கணக்குப் பலகையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "பாகுஸ்!" என்று மலாயில் மெச்சினார். கை முழுக்கக் கரியோடு உடையப்பன் சிரித்தான். தன் கையால் ஒரு சாமானை வாங்கி, தன் கையால் மாட்டி, அது ஓடுவதைப் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ராத்திரிப் பசிகூட அவனுக்குத் தெரியவில்லை.

மாசக் கடைசி ஞாயிறு. மறுநாள் காலை கிராணி பட்டியலை மூடுவார். மத்தியானம் மூன்று மணிக்கு உடையப்பன் தோட்டத்துக்குள் நுழைந்தான். எருமைகள் அசையவில்லை. மேட்டு உச்சியில் பழக்கம்போல எஞ்சினை அணைத்தான். வளைவைத் தாண்டினான். லயத்து வாசலில் எவரும் வரிசையில் நிற்கவில்லை, அவரவர் வேலையில் இருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். குழாயடியில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று பத்தடி பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

நல்லம்மாள் திரும்பினாள். குடம் விழுந்தது. ஆனால் அவள் காரைப் பார்க்கவில்லை. காருக்கு முன்னால், ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்தாள்.

"ஏங்க! ஒதுங்குங்க! ஏங்க, பின்னால வருதுங்க!"

புருஷனின் பெயரை வாழ்நாளில் சொல்லாதவள் அவள். 'ஏங்க' என்று அவள் கூப்பிட்ட ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், அவர் செத்து ஏழு வருஷம் ஆகிறது. உடையப்பனும் காருக்கு முன்னால் பார்த்தான். ஈரத் தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அந்தத் தரையில் உட்கார்ந்து, எதையோ தூக்கி மடியில் வைத்துக்கொள்வதுபோலக் கையை வளைத்தாள்.

செல்லாயி ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கத்தினாள். "ஏன்டா இப்படிச் சத்தமில்லாம வந்த? அந்தப் பாவியும் இப்படித்தான் வருவான்! மேடு வரைக்கும் காரு கத்திக்கிட்டு வரும், அங்க நிப்பாட்டிருவான். யாரு சும்மா நிக்கிறா, யாரு உக்காந்துருக்கான்னு பிடிக்கிறதுக்கு உருட்டிக்கிட்டு வருவான். சத்தம் கேட்டா எங்க இருக்கான்னு தெரியும்டா. நின்னாத்தான் பயம்!"

"அப்பா..." என்றான் உடையப்பன்.

"அதை அவகிட்ட கேளு. அவதான் பாத்தவ. வெளிய சொன்னா உன் படிப்பை நிப்பாட்டிருவோம்னு அன்னிக்கே சொல்லிட்டானுங்க."

உடையப்பன், கள் குடித்துச் செத்தவன் என்று அப்பாவை நினைத்து ஏழு வருஷமாகத் தான் வெட்கப்பட்டதற்கு இப்போது வெட்கப்பட்டான். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் மெல்லத் தன்நினைவுக்கு வந்து அவன் முகத்தைத் தடவினாள்.

"நீ போய்யா. நான் கப்பல்ல போயிர்றேன். உன் மேல ஒண்ணுமில்ல."

உடையப்பன் எழுந்தான். காருக்கு அடியில் படுத்தான். சூடு ஆறாத குழாயில் கை பொரிந்தது, அவன் விடவில்லை. பீப்பாய்ப் பட்டையை நெம்பி, மூன்று வாரம் பட்டினி கிடந்து வாங்கிய சைலன்ஸரைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தான். குழாய்த் துண்டும் பின்னாலேயே போனது. பிறகு முன்னால் வந்து கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் வெடித்துக் கிளம்பிய சத்தத்தில் லயத்துத் தகரக்கூரை நடுங்கியது, கோழிகள் பறந்தன, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நல்லம்மாள் எழுந்து நின்று அதைக் கேட்டாள். அவன் காதருகில் வாயை வைத்து, "நிக்காம கத்துமா?" என்றாள்.

"கத்தும்மா!"

"இறக்கத்துல?"

"இறக்கத்துலயும் நிப்பாட்ட மாட்டேன். ஈப்போ வரைக்கும் நிப்பாட்ட மாட்டேன்!"

அவள் உள்ளே போய்த் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். கிராணி வீட்டு வாசலில் காரை ஓடவிட்டபடியே அவன் கையெழுத்துப் போட்டான். கிராணி அதட்டியது அவன் காதில் விழவில்லை. அம்மா முன்சீட்டில் ஏறி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் மேட்டில் ஏறியது.

வளைவு வந்தபோது அவள் கையை நீட்டித் தரையைக் காட்டினாள். வாய் அசைந்தது. உடையப்பன் குனிந்து கேட்டான், ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை, சாலையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனாள். தோளில் பால்வாளிக் காவடித் தண்டு வைத்திருப்பதுபோல ஒரு கை போனது. பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். யார் யாரையோ விரல்விட்டுச் சொன்னாள். ஏழு வருஷம் பூட்டிக்கிடந்தது அத்தனையும் கொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்த மகனுக்கு எஞ்சினின் கூச்சல்தான் கேட்டது.

பெட்ரோல் கம்பியைக் கொஞ்சம் குறைத்தால் சத்தம் தணியும். அவன் கை இரண்டு தடவை அதற்குப் போனது. தணிந்தால் அவள் பயந்துவிடுவாள், நிறுத்திவிடுவாள். வாக்குக் கொடுத்திருக்கிறோம். கையை எடுத்துக்கொண்டு "ம்" என்றான், தலையாட்டினான், கண்ணில் வழிந்ததைத் துடைக்காமல் ஓட்டினான். சிம்பாங் பூலாய் தாண்டியும் அவள் பேசினாள். ஈப்போ வந்து அவன் அறை வாசலில் கார் நின்றபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி எங்கய்யா பிடிக்கணும்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு நல்லம்மாள் பதினொரு வருஷம் மகனோடு இருந்தாள். அவன் பரீட்சை தேறி ஒரு கம்பெனியில் கிராணி ஆனதையும், கல்யாணம் செய்ததையும், பிள்ளைக்குப் பத்துமலை என்று பெயர் வைத்ததையும் பார்த்தாள். புருஷனின் பெயரைச் சொல்ல வாய் வராமல் பேரனையும் அவள் 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டாள். செல்லாயி குடும்பத்தோடு கப்பலேறிப் போய்விட்டாள், விசாரிக்க வேறு ஆளில்லை. கார் எந்தத் துரையுடையது என்று ஆ சோங்கிடம் கேட்க உடையப்பனுக்குக் கடைசி வரை தைரியம் வரவில்லை.

அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை கேட்டான், அவள் படுக்கையில் விழுந்த பிறகு. அப்பாவுக்கு அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டான். நல்லம்மாள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அதான் அன்னிக்கே கார்ல பூராத்தையும் சொல்லிட்டேனேய்யா. நீயும் ம், ம்னு கேட்டுக்கிட்டுத்தானே வந்த?"